எறும்பு மருந்து

ஆபீசில் அவளுக்கு இஸ்திரி என்று பெயர். வைத்தவர் முதலாளி. வைத்த அன்று அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் பட்டப்பெயர் என்ன நம்மைக் கேட்டுக்கொண்டா ஒட்டுகிறது? கொஞ்ச நாளில் அவளே போனை எடுத்து, "இஸ்திரி பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. கீழே பேட்டரிக் கடை. பக்கவாட்டில் குறுகலான படி. ஏறியதும் நீளமாக ஓர் அறை. அதற்கு இருந்த ஒரே ஜன்னலையும் முதலாளியின் அலமாரி பாதி மறைத்திருக்கும். அங்கே மற்றவர்கள் படம் வரைவார்கள், நிறம் தேர்ந்தெடுப்பார்கள், வாடிக்கையாளர் வந்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கை கொடுப்பார்கள். எல்லாம் முடிந்து, பக்கம் ஒரு கம்ப்யூட்டரில் ஜம்மென்று இருந்து இன்னொன்றில் கோணிக்கொண்டு நின்றால்தான் அவள் ஞாபகம் வரும். கசங்கின சட்டையைப் போடுவதுபோல அதைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். பெயர் வந்தது அப்படித்தான்.

பக்கம் ஏன் கோணுகிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்தை எழுதுகிறவர் 'இது தலைப்பு, இது பத்தி, இது பட்டன்' என்று மட்டும் எழுதிவிட்டு, எவ்வளவு பெரிசு, எவ்வளவு இடைவெளி என்று சொல்லாமல் விட்டால் பிரவுசர் சும்மா இருக்காது. சொல்லாத இடத்தையெல்லாம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். ஒரு பிரவுசர் தலைப்புக்கு மேலே தாராளமாக இடம் விடும். இன்னொன்று கஞ்சத்தனம் பண்ணும். ஒன்று பட்டனின் மூலையை உருட்டும். இன்னொன்று கத்தரித்தாற்போல வெட்டும். அளவு சொல்லாமல் ஒரே துணியை நாலு தையல்காரர்களிடம் கொடுத்தால் நாலு தினுசாகச் சட்டை வரும் அல்லவா, அதே கதைதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, நல்லதை அப்படியே விட்டுவைப்பது ஒரு வழி. அதற்குப் பொறுமை வேண்டும். பிரவுசர்கள் தாமாகப் போட்டதையெல்லாம் முதலில் ஒரேயடியாகத் துடைத்துவிட்டு, வெறுந்தரையில் தானே எல்லாவற்றையும் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. அவளுக்கு அப்போது இளவயது. துடைத்தாள்.

துடைப்பதற்கென்றே ஒரு ஃபைல் எழுதி வைத்திருந்தாள். ஆபீசில் எந்தப் பக்கம் செய்தாலும் முதலில் அந்த ஃபைலை எடுத்து உள்ளே போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. போட்டுவிட்டு, வரிசையாக வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பிரவுசரைத் திறந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள். எல்லாத் திரையிலும் ஒரே பக்கம், ஒரே அளவு, ஒரே இடைவெளி. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இது ஒரு சந்தோஷமா என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வாடிக்கையாளர் யாராவது போனில் குறை சொன்னால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "வேற பிரவுசர்ல திறந்து பாருங்க சார். அதுலயும் இப்படித்தான் இருக்கா? எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா அது குறை இல்லை சார், அதான் டிசைன்." அந்தப் பக்கம் ஆள் வாயடைத்துப் போவார். முதலாளி கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்படி இருக்கையில் செருப்புக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்காகச் செய்த பக்கத்தை முதலாளி பெருமையாகத் திறந்து காட்டினார். கடைக்காரர் தானே மவுஸைப் பிடித்து ஒரு செருப்பின் மேல் அமுக்கினார். அமுக்கிய படத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிக்கோடு ஒன்று வந்து நின்றது.

"என்ன சார் இது," என்றார் கடைக்காரர், "செருப்பைச் சுத்தி எறும்பு ஊருது."

அது எறும்பு இல்லை. பக்கத்தில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பிரவுசர் காட்டுகிற அடையாளம். மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது, அம்புக்குறி இருக்கிறது. மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் கீபோர்டில் டேப் என்ற கட்டையை அமுக்கி அமுக்கி ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்குப் போவார்கள். எங்கே வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்வது அந்தக் கோடு ஒன்றுதான். இதெல்லாம் அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்ல வழியே இல்லை.

"எறும்பை எடுத்துடும்மா" என்றார் முதலாளி.

நியாயமாகச் சொன்னால், முதலில் அவள் எடுக்கப் பார்க்கவில்லை. சமமாக்கத்தான் பார்த்தாள். அந்தக் கோடு ஒரு பிரவுசரில் புள்ளியாக வந்தது, ஒன்றில் நீலமாக ஒளி விட்டது, இன்னொன்றில் மங்கலான மஞ்சளாக இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது நழுவியது. மத்தியானம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டாள். அப்புறம் பசி வந்தது. எதைச் சுற்றியும் கோடு வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுதினாள். எல்லாத் திரையிலும் எறும்புகள் ஒரே சமயத்தில் காணாமல் போயின.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "டேப் அமுக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"யாரு அமுக்கறா? நீங்க அமுக்குவீங்களா?"

"நான் எதுக்கு அமுக்கறேன்?"

"அப்ப விடுங்க."

பேச்சு அதோடு முடிந்தது. அந்த வரிக்கு மேலே, ஃபைலைத் திறக்கிறவர்கள் படிப்பதற்காக அவள் ஒரு குறிப்பும் எழுதிவைத்தாள். 'எறும்பு மருந்து. நன்றாக வேலை செய்கிறது. யாரும் இதில் கை வைக்க வேண்டாம். இப்படிக்கு, இஸ்திரி.' அதைப் படித்துவிட்டு அறையே சிரித்தது. அவளும்தான்.

அந்த ஃபைல் அவள் மேஜையோடு நிற்கவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவரும் போகும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் சந்தோஷமாகக் கொடுத்தாள். அவர்கள் போன இடங்களில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'உங்க ஃபைலாலதான் பிழைச்சேன் அக்கா' என்று முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி செய்தி அனுப்பினாள். வருஷங்கள் போயின. கீபோர்டு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் கோட்டைக் காட்டி மற்றவர்களுக்கு மறைக்கிற வழியும் வந்துவிட்டது. அவள் அதைப் படித்தாள், செய்ய வேண்டும் என்று நினைத்தாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஃபைலில் யார் கை வைப்பார்கள்? வைக்க வேண்டாம் என்று அவளே வேறு எழுதியிருந்தாள்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டு மாடியில். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை. அதைக் கேட்கிறவர்களும் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். அண்ணன் பஸ் டிரைவர். நாற்பது தாண்டின தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் கையிலிருந்த டம்ளர் தட்டின் விளிம்பில் டகடகவென்று தட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் நிற்கவில்லை. நரம்பு சம்பந்தப்பட்ட நோய், கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா நின்னுடும்" என்று அண்ணன் பஸ் கம்பெனி டாக்டரிடம் அடித்துச் சொன்னார். டிப்போவில் நின்றிருந்த பஸ்ஸில் ஏற்றிப் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். பிடித்தார். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவருடைய வேலை பால்கனியில் நிற்பதுதான். தெருமுனையில் பஸ் திரும்பும்போது "லேட்டு" என்பார். இன்னொன்று வந்தால் அதற்கும் "லேட்டு" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. தையல் வேலைக்குப் போய்வந்து களைத்துக் கிடக்கும் அண்ணிக்கு அது தலைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

கம்பெனி ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. கன்ட்ரோல் ரூமில் ஓர் ஆள் தேவைப்பட்டது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த பஸ் எங்கே இருக்கிறது, எதை நிறுத்திவைக்க வேண்டும், எதை விரட்ட வேண்டும் என்று டிரைவர்களிடம் சொல்கிற வேலை. அதற்குக் காதும் வாயும் ரூட் ஞாபகமும் போதும். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். ஆளுக்கு ஒரே தடவைதான் எழுதலாம். தேறினால் கன்ட்ரோல் ரூம், தேறாவிட்டால் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"எப்படியாவது இவரை அந்த ரூமுக்குள்ள தள்ளிவிடு" என்றாள் அண்ணி. "வீட்டுல வச்சிருந்தா லேட்டு லேட்டுன்னே என்னைச் சாகடிச்சிடுவாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

மாடியில் தங்கையின் மேஜையில் பயிற்சி நடந்தது. மவுஸ் சரிப்படவில்லை. அண்ணன் அதைத் தொட்டதும் அம்புக்குறி விளக்கைச் சுற்றும் பூச்சியாகத் திரை முழுதும் அலைந்தது. கீபோர்டில் அந்தச் சிக்கல் இல்லை. துண்டை உருட்டி மணிக்கட்டுக்கு அடியில் வைத்து, இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் கட்டை விரலால் ஒரு கட்டையை அமுக்க முடிந்தது. அவள் ஒரு பயிற்சிப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்குத்தானே என்று எந்த அலங்காரமும் செய்யவில்லை. தன் ஃபைலையும் அதில் போடவில்லை. பிரவுசர் தன் இஷ்டத்துக்குக் காட்டிய வெறும் பக்கம் அது. தலைப்பு தடியாக, இடைவெளி கன்னாபின்னாவென்று, பார்க்கச் சகிக்காது. ஆனால் டேப் அமுக்கினால் பட்டனைச் சுற்றி நீலக் கோடு வந்தது.

அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. "டேப்புன்னா அடுத்த ஸ்டாப்பு" என்று தானே கற்றுக்கொண்டார். "ஸ்பேஸ்னா கதவைத் திற, பட்டன் அமுங்கிடும். ஷிஃப்டோட அமுக்கினா ரிவர்ஸ்."

"ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் பின்னால நின்னு விசில் அடிக்கணுமா?" என்று அண்ணி படியில் நின்று கேட்டாள்.

கை துள்ளி ஒரு ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டால் அவர் பதறவில்லை. நீலக் கட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், ரிவர்ஸ் எடுப்பார், சரியான இடத்தில் நிறுத்துவார். நாளாக ஆகக் கேள்விகள் சரசரவென்று நகர்ந்தன. ரூட் பற்றி எந்தக் கேள்வி போட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. பால்கனிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

தேர்வுக்கு உதவியாள் யாராவது வேண்டுமா என்று கம்பெனியில் போன் செய்து கேட்டார்கள். அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"எதுக்கு? கீபோர்டுலயே பறக்கறியே" என்றாள்.

"வேண்டாங்க" என்று போனில் சொன்னார். அப்படிச் சொல்ல முடிந்ததில் அவர் முகத்தில் ஒரு களை வந்தது.

தேர்வு எப்படி இருக்கும் என்று காட்ட, கம்பெனி தன் வெப்சைட்டில் ஒரு மாதிரிப் பக்கம் போட்டிருந்தது. ஒரே ஒரு கேள்வி, கீழே இரண்டு பட்டன். வேறு யாராக இருந்தாலும் அண்ணனை உட்காரவைத்து அதில் டேப்பை அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆபீசில் வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்து வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். எல்லாத் திரையிலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. யார் செய்தார்களோ நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று திருப்தியோடு மூடிவைத்தாள். அண்ணனிடமும், "பக்கம் பிரமாதமா இருக்கு, பயப்படாத" என்றாள்.

தேர்வு நாளன்று லீவு போட்டுவிட்டு டிப்போ கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உருட்டின துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவள் வாங்கிய டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அவருக்கு முன்னால் யாரும் வெளியே வரவில்லை, பின்னாலும் யாரும் வரவில்லை.

"முடிஞ்சுது" என்றார்.

"அதுக்குள்ளயா?"

"நன்றின்னு போட்டுடுச்சு."

உட்காரவைத்துக் கேட்டாள். நீலக் கட்டம் வரவே இல்லையாம். டேப் அமுக்கினார், திரையில் ஒன்றும் அசையவில்லை. சரியாக அமுங்கவில்லையோ என்று மறுபடி அமுக்கினார். மேற்பார்வை பார்த்தவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, "மவுஸ் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் கூட வேலை பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் மவுஸைத் தொட்டுக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை. மனசுக்குள்ளேயே ஸ்டாப்பை எண்ணிக்கொண்டு ஓட்டினார். மூன்று கேள்வி தாண்டினார். அப்புறம் கை துள்ளியது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஸ்பேஸைத் தட்டினார். அவர் நின்றிருந்தது 'முடித்துவிட்டேன்' என்ற பட்டனில்.

"நான்தான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேன்" என்றார். "பக்கம் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு. நீ பண்றது மாதிரியே நறுக்குன்னு."

அவர் கடைசியாகச் சொன்னது அவளை உறுத்தியது. ஏன் என்று அப்போது முழுதாகத் தெரியவில்லை. பாதி தெரிந்தது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் மாதிரிப் பக்கத்தைத் திறந்து டேப்பை அமுக்கினாள். ஒன்றும் அசையவில்லை. பக்கத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தாள். முதல் ஃபைலே அவளுடையதுதான். கீழே போனாள். 'எறும்பு மருந்து. நன்றாக வேலை செய்கிறது. யாரும் இதில் கை வைக்க வேண்டாம். இப்படிக்கு, இஸ்திரி.' யாரும் கை வைத்திருக்கவில்லை. ஒரு புள்ளிகூட மாறாமல் அப்படியே இருந்தது.

தன் ஃபைலில் அந்த வரியை அன்றைக்கே எடுத்தாள். கீபோர்டுக்காரர்களுக்கு மட்டும் கோடு தெரிகிற மாதிரி எழுதினாள். அத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை, ஒரு தலைவலி வந்து போகும் நேரத்தில் முடிந்துவிட்டது.

"என்னம்மா மாத்தின? ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார் முதலாளி.

"உங்களுக்குத் தெரியாது சார்" என்றாள்.

ஆனால் அது அவள் கையில் இருந்த ஃபைல். ஊரெல்லாம் போனதை என்ன செய்வது? அவள் அன்றாடம் திறக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து டேப்பை அமுக்கிப் பார்த்தாள். மின்சாரக் கட்டணம் கட்டும் பக்கத்தில் எறும்பு இல்லை. அண்ணனின் டாக்டரிடம் நேரம் வாங்கும் பக்கத்திலும் இல்லை. எல்லாம் அவள் ஃபைல்தான் என்று சொல்ல முடியாது; அவளைப் போல நினைத்தவர்கள் எத்தனையோ பேர். அதில் அவளுக்கு என்ன ஆறுதல்? கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அண்ணனை அழைத்துக்கொண்டு பஸ் கம்பெனியின் அதிகாரியைப் பார்க்கப் போனாள். அந்த அதிகாரி பொறுமையான பெண்மணி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தங்கை என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. பக்கத்தில் ஏதோ குறை இருக்கிறது, கேட்டால் இன்னொரு தடவை எழுத விடுவார்கள் என்று மட்டும்தான் சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

"உதவி வேணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் அதிகாரி. "நாங்க கேட்டோமே. வேண்டாம்னுதானே சொன்னீங்க."

"கீபோர்டு போதும்னு நினைச்சோம் மேடம். பக்கத்துல ஒரு கோடு வரணும். அது வரலை. நீங்களே பாருங்க."

மாதிரிப் பக்கத்தை அதிகாரியின் கம்ப்யூட்டரில் திறக்கவைத்தாள். டேப்பை அமுக்கினாள். "இப்ப நான் எந்த பட்டன்ல இருக்கேன், சொல்லுங்க."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். நிஜமாகவே தேடினார். "தெரியலையே" என்றார்.

"இதை வச்சுத்தான் மேடம் எங்கண்ணன் தேர்வு எழுதினாரு."

அந்த ஒரு நிமிஷம் அறையில் நம்பிக்கை வந்து உட்கார்ந்தது. அண்ணன் நிமிர்ந்தார். அதிகாரிக்கும் மனசு இளகியது முகத்தில் தெரிந்தது. "இருங்க, எழுதி அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துடறேன்" என்று சொல்லி இன்னொரு பிரவுசரைத் திறந்தார். அதில் அமுக்கினார். இன்னும் ஒன்றைத் திறந்தார். அதிலும் அமுக்கினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஆமா மேடம்."

"அப்ப நான் குறைன்னு எழுத முடியாதும்மா. பக்கம் பண்ணிக் கொடுத்தவங்க எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ஒண்ணுல வந்து இன்னொண்ணுல வரலைன்னாத்தான் குறை. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா அது குறை இல்லை, அதான் டிசைன்."

அவளுக்குத் தன் குரலை வேறொருவர் வாயிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. எத்தனை பேரை அதே வாக்கியத்தால் வாயடைத்திருப்பாள்? அவர்களில் எத்தனை பேருக்குக் கை நடுங்கியதோ, யார் கண்டது?

"அது டிசைன் இல்லை மேடம், தப்பு. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "அந்த வரியை எழுதினது நான்தான்."

அதிகாரி அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இந்தப் பக்கத்தை நீங்களா பண்ணிக் கொடுத்தீங்க?"

"இல்லை. இதுல இருக்கிற ஒரு ஃபைல் என்னோடது. அவங்க எடுத்துப் போட்டுக்கிட்டாங்க."

"கேட்காம எடுத்துட்டாங்களா?"

"இல்லை மேடம். யார் கேட்டாலும் கொடுத்தேன்."

"அப்ப நான் யார் மேலம்மா எழுதறது?" என்றார் அதிகாரி. நக்கலாகக் கேட்கவில்லை. எழுத நினைத்தவர், யார் மேல் என்று தெரியாமல்தான் கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார். "அந்த இடத்துக்கு ஆளும் எடுத்தாச்சு. இவரோட பேப்பரெல்லாம் கணக்கு முடிக்கிறதுக்குப் போயிடுச்சு. என்னால ஆனது இவ்வளவுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னண்ணே, எப்ப கன்ட்ரோல் ரூமுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றார் அண்ணன். அவள் அழவில்லை, அழுதால் அவர் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் தன் முதுகைத் தட்டிக்கொடுப்பதை அவளால் தாங்கியிருக்க முடியாது.

"பாப்பா" என்றார் அண்ணன். "அந்தக் கோட்டை ஏன் எடுத்த?"

கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரூட் எங்கே மாறுகிறது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"ஒண்ணுல புள்ளியா வந்துச்சு. ஒண்ணுல நீலமா வந்துச்சு. எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கணும்னு பார்த்தேன். முடியலை. அதான் எடுத்துட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டினார். "எடுத்ததும் ஒரே மாதிரி ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு" என்றாள்.

சிக்னலில் பஸ் நின்றது. எதிர்ப்பக்கத்தில் ஒரே நம்பர் பஸ்கள் இரண்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முன்னால் வந்தது லேட்டு என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணனும் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.